தூணை வாங்கும் முன் திண்ணையில் உட்காருங்கள்

காரைக்குடியில் வீடுகளுக்கு உள்வடிவமைப்பு செய்து கொடுப்பது என் தொழில். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்ததும் செல்போனை நீட்டுவார்கள். போன வருடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாற்பது படங்கள் வைத்திருந்தார். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை என்று ஊர் ஊராக எடுத்தவை. அத்தனையும் பழைய செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள்.

"இதே மாதிரி எட்டுத் தூண் வேணும் தம்பி. முனீஸ்வரன் கோயில் தெருவுல விசாரிச்சுட்டேன், பழசே கிடைக்குமாம்" என்றார். அவருடைய மனை முப்பதுக்கு நாற்பது.

"தூண் இருக்கட்டுங்கய்யா. நாளைக்கு உச்சி வெயில்ல என்கூட பள்ளத்தூர் வர்றீங்களா?" என்று கேட்டேன்.

அங்கே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் வீடு இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு முகப்புத் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தோம். அப்புறம் நிலையைத் தாண்டி உள்ளே போனோம். ஐயா நின்றுவிட்டார். "ஃபேன் எதுவும் ஓடலையே, எப்படி இவ்வளவு குளுமை?" என்றார்.

நான் அவரை அழைத்துப் போனதே இந்தக் கேள்விக்காகத்தான். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டு என்று வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. தெருவிலிருந்து பார்த்தால் கொல்லை தெரியும். காற்றுக்கும் அதுதான் வழி. சுவர் தடிமன், கூரை உயரம். சூடான காற்று வளவு வழியாக மேலே போய்விடும். தூண்கள் எதற்கு? வளவைச் சுற்றி உள்பக்கமாகச் சரியும் ஓட்டுக்கூரையைத் தாங்குவதற்கு. அந்தக் கூரையின் நிழல் இருப்பதால்தான் அறைச் சுவரில் வெயில் நேராக விழுவதில்லை. மழைக் காலத்தில் நாலு பக்கத் தண்ணீரும் வளவில் இறங்கும். வறண்ட சீமை இது. கூரைத் தண்ணீரைக்கூட கிணற்றுக்கும் ஊருணிக்கும் அனுப்பிவிடுவார்கள். வளவு இல்லாத வீட்டில் எட்டுத் தூணைக் கொண்டுவந்து நட்டால் அவற்றுக்கு அங்கே வேலை இல்லை. நடமாட்டத்துக்கு இடைஞ்சல்தான்.

ஐயா சுவரைத் தடவிப் பார்த்து, "மார்பிளா?" என்றார். சுண்ணாம்பு. சலித்த சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து வந்த பளபளப்பு அது. இந்த இடத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சுவரில் வெடிப்பு விட்டால் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள், மேலே எமல்ஷன் பெயின்ட் அடிக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதை மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சு பாளம் பாளமாக உதிரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் வைக்க வேண்டும், அந்த வேலை தெரிந்த கொத்தனாரைக் கொண்டு.

அடுத்தது தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். உள்வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகள் கடையில் பார்த்துவிட்டுப் போகாமல், அது உருவாகும் பட்டறையில் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். சதுரக் கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, கரைத்த வண்ணச் சிமென்டைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அதன்மேல் மணலும் சிமென்டும் கலந்த உலர்ந்த கலவை. அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு கரண்டியால் மட்டம் தட்டுவார்கள். சூளைக்கே போகாத கல் இது; தண்ணீரில் ஊறித்தான் இறுகுகிறது. காய்ந்த பிறகு கண்ணாடி தானாகக் கழன்று வரும். "பாலிஷ் எல்லாம் போடுறதில்லைங்க. கண்ணாடியோட முகம் கல்லுக்கு வந்துரும்" என்று ஒரு தொழிலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அது தெரிந்திருந்தும் ஒரு வீட்டில் தவறு நடந்தது. தரை போட்டு முடித்ததும் சுத்தம் செய்ய வந்தவர்கள், சிந்திக் கிடந்த சிமென்ட் கறைக்கு ஆசிட் ஊற்றிவிட்டார்கள். ஆசிட் சிமென்டையே அரிக்கும். ஒரு மதியத்தில் இரண்டு அறைகளின் மினுமினுப்பு போய்விட்டது. முன்கூட்டியே சொல்லாதது என் பிழை. பெயர்த்து மறுபடி போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து தரை வேலை நடக்கும் வீட்டுக் கதவில் 'ஆசிட் கூடாது' என்று எழுதி ஒட்டிவிடுகிறேன். புளி, எலுமிச்சை சிந்தினாலும் உடனே துடைத்துவிட வேண்டும்.

வண்ணம் தேர்ந்தெடுப்பதற்கு நான் கேட்லாக் பார்ப்பதைவிட இந்தப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலையை விரித்துப் பார்ப்பது அதிகம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. அரக்கு எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு, கறுப்பு எங்கே வெறும் கோடாக நின்றுவிடுகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன். அந்தக் கரையின் அகலக் கணக்குதான் பல வீடுகளில் தரையின் ஓரக் கல்லாக மாறியிருக்கிறது. கொட்டான் என்கிற பனையோலைக் கூடையின் பின்னலும் அப்படித்தான். ஒரு ஜன்னல் தடுப்புக்கு அதிலிருந்து யோசனை கிடைத்தது. இங்கே வர முடியாதவர்கள், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போகலாம். செட்டிநாட்டு வீடு ஒன்று அங்கே இருக்கிறது. கேமராவைப் பையில் வைத்துவிட்டு டேப்பை எடுங்கள். திண்ணை உயரம், நிலையின் அகலம், தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கையால் வரைந்தது நூறு படத்துக்குச் சமம்.

பழைய பொருள் விஷயத்தில் என் மனம் கனக்கிறது. 1942-இல் ஜப்பானியர்கள் பர்மாவுக்குள் வந்தபோது, இந்த வீடுகளைக் கட்டி, அங்கே தொழில் செய்துவந்த நகரத்தார் குடும்பங்கள் பலவற்றின் வரவு நின்றது. அப்புறம் பங்காளிகள் பெருகினார்கள், வெளியூர் போனார்கள், பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சில இடம்பெற்றன. ஆனாலும் வீடுகளைப் பிரிப்பது நின்றபாடில்லை. 'பழைய தூண் வேண்டும்' என்று நாம் கேட்கிற ஒவ்வொரு முறையும் பிரிப்பதற்கு ஒரு காரணம் கூடுகிறது. எப்போதோ இடிந்துபோன வீட்டின் மரம் விறகாகப் போவதைவிட இன்னொரு வீட்டுக்குப் போவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த வீட்டிலிருந்து வந்தது, எப்போது பிரித்தது என்று கேட்காமல் நான் வாங்குவதில்லை. பதில் வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஐயா வீட்டில் கடைசியில் நாலே தூண்கள்தான். வேங்கை மரத்தில், உள்ளூர் ஆசாரி ஒருவர் புதிதாகக் கடைந்தது. பூவேலை எதுவும் இல்லை. தூணின் தலையில் இருக்கும் போதிகையில் மட்டும் ஒரு சின்ன வளைவு. நடுவில் ஆறுக்கு எட்டு அடியில் வளவு. அதில் விழும் தண்ணீர் தரைத்தொட்டிக்குப் போகும். ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்று ராத்திரி போன் செய்தார். "தம்பி, வீட்டம்மா தூம்புக்குக் கீழே அண்டாவை வச்சுட்டாங்க. அவங்க அப்பத்தா வீட்டுல அப்படித்தான் வைப்பாங்களாம்" என்றார்.