அந்த எண்ணம் வந்தால் நீங்கள் கெட்டவர் இல்லை

மாயா டெரனும் அலெக்சாண்டர் ஹமிட்டும் 1943-இல் எடுத்த 14 நிமிடக் குறும்படத்தில், ஒரு பெண்ணின் கையிலிருக்கும் சாவி சட்டென்று கத்தியாகிவிடும். பேய்ப் படத்தில் ஆபத்து வெளியிலிருந்து வரும். மனதுக்குள் நடப்பதைக் காட்டும் இந்த வகைப் படங்களில் அது அவள் மனதுக்குள்ளேயே இருக்கிறது. பயமும் ஆசையும் பிரித்தறிய முடியாமல் கலந்து கிடக்கின்றன. அதனால்தான் படம் முடிந்த பிறகும் சிலரை ஒரு கலக்கம் விடுவதில்லை: 'எனக்கும் இப்படித் தோன்றியிருக்கிறதே, நானும் இப்படி ஆகிவிடுவேனோ?'

காய் நறுக்கும்போது 'பக்கத்தில் நிற்பவரைக் குத்திவிட்டால்?' என்று ஒரு கணம் தோன்றும். கைக்குழந்தையைக் கீழே போட்டுவிடுவதுபோல ஒரு காட்சி வரும். தகாத பாலியல் நினைப்பும் வரும். இவற்றை ஊடுருவும் எண்ணங்கள் என்கிறோம். பெரும்பாலானோருக்கு எப்போதாவது வருபவைதான். எண்ணம் வந்ததும் பதறுகிறீர்கள் என்றால், அது உங்கள் விருப்பத்துக்கு எதிரானது என்றே பொருள்.

சிக்கல் தொடங்குவது அதை விரட்டும்போதுதான். 1987-இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் குழுவினர், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும் என்று சொல்லிச் சிலரை 5 நிமிடம் உட்காரவைத்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கத்தியை அலமாரியில் ஒளிப்பதும், 'நான் அப்படிச் செய்யமாட்டேன்தானே?' என்று வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்பதும் இதே கதைதான். அப்போதைக்கு நிம்மதி, அடுத்த முறை பயம் இன்னும் கூடும். 'இது வெறும் எண்ணம்' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, கத்தியைக் கீழே வைக்காமல் மீதிக் காயையும் நறுக்கி முடியுங்கள்.

படபடப்புக்கு 4 எண்ணி மூக்கால் மூச்சை இழுத்து, 6 எண்ணி மெதுவாக விடுங்கள். 5 நிமிடம் போதும். பலர் வேகவேகமாக இழுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் இரட்டிப்பாகும்.

இன்னொன்று. படங்களில் மனநோய் என்றால் சுவர் பிளக்கும், உருவங்கள் தெரியும். நிஜத்தில் மனச்சிதைவு நோயில் (ஸ்கிசோஃப்ரினியா) அதிகம் வருவது, யாரும் பேசாமலே காதில் கேட்கும் குரல்கள்தான். குரல் கேட்டாலோ, எண்ணத்தைச் செயல்படுத்தத் தோன்றினாலோ, உயிரை விடும் நினைப்பு வந்தாலோ அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்த எண்ணங்களிலேயே நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். இப்படி எண்ணங்கள் விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோய்க்கு (OCD) பயனுள்ள பேச்சு சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன. அங்கே போய், கூச்சத்தில் 'கொஞ்சம் டென்ஷன் டாக்டர்' என்று மட்டும் சொல்லாதீர்கள்; வந்த எண்ணத்தை வந்தபடியே சொன்னால்தான் சரியான நோய்க்குச் சிகிச்சை தொடங்கும்.