டிக்ஸி டீனின் தலையும் 60 கோல்களும்

39 லீக் ஆட்டங்களில் 60 கோல்கள். 1927-28 பருவத்தில் எவர்டன் அணிக்காக டிக்ஸி டீன் அடித்த இந்தக் கணக்கை இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில் இன்றுவரை யாரும் எட்டவில்லை. பிர்கன்ஹெட்டில் பிறந்த அவருக்கு அப்போது வயது 21.

அந்தக் காலத்தில் கோல் அடிப்பது எளிது என்பார்கள். பாதி உண்மை. 1925 வரை, முன்னால் வரும் பந்தை வாங்கும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவராவது இருக்க வேண்டும், இல்லையேல் ஆஃப்சைடு என்ற விதிமீறல். அந்த ஆண்டு மூவர் என்பது இருவர் ஆனது. லீக்கின் நான்கு பிரிவுகளிலும் சேர்த்து 4,700 ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்திலேயே 6,373 ஆக உயர்ந்தன. ஆனால் கதவு எல்லோருக்கும்தான் திறந்தது. 60 கோல் அடித்தவர் டீன் ஒருவரே. அதில் அவருடைய தலைக்கும் பங்கு உண்டு.

நன்றாகத் துள்ளும் வீரர் அந்தரத்தில் நின்றுவிடுவதுபோல் தோன்றும். கண்ணின் மயக்கம் மட்டுமல்ல அது. மேலே போகப்போக வேகம் குறைகிறது. 60 சென்டிமீட்டர் எழும்பும் ஒருவர் சுமார் 0.7 நொடி காற்றில் இருப்பார்; அதில் அரை நொடி மேல்பாதியிலேயே கழியும். எதிராளிக்குச் சற்று முன்னதாக எழும்பியவர், அவர் வந்து சேரும்போது உச்சியில் காத்திருப்பார்.

அடுத்தது கழுத்து. தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. அன்றைய விதிப்படி பந்து 370 முதல் 425 கிராம். மழையில் நனைந்தால் தோல் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். கழுத்து தளர்ந்திருந்தால் தலை பின்னுக்குப் போகும், பந்தின் வேகம் செத்துவிடும். தசைகளை இறுக்கினால் தலையோடு உடம்பும் சேர்ந்து ஒரே சுவராகிறது. முதுகை வில்லாக வளைத்து முன்னே வீசினால், அந்தச் சுவர் நகர்ந்து வந்து அடிக்கிறது. தன் வேகத்தையும் பந்துக்குக் கொடுக்கிறது. நெற்றியும் பந்தும் தொட்டிருப்பது நொடியில் நூறில் ஒரு பங்குதான். அதற்குள் எதையும் திருத்த முடியாது. நெற்றி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது காற்றில் இருக்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

என்னை வியக்கவைப்பது இதுதான்: 1926இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் டீனின் மண்டையோடும் தாடையும் முறிந்தன. இனி ஆடவே மாட்டார் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். சில மாதங்களில் களத்துக்குத் திரும்பி, பந்தை மறுபடியும் தலையால் முட்டத் தொடங்கினார்.

1928 மே 5, எவர்டனின் அன்றைய மைதானமான குடிசன் பார்க். பருவத்தின் கடைசி ஆட்டம், எதிரே ஆர்சனல். மிடில்ஸ்பரோ அணியின் ஜார்ஜ் கேம்செல் முந்தைய பருவத்தில் இரண்டாம் பிரிவில் அடித்த 59ஐத் தாண்ட டீனுக்கு மூன்று கோல்கள் தேவை. இரண்டு விழுந்துவிட்டன. முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் சக வீரர் அலெக் ட்ரூப் கார்னரிலிருந்து பந்தை உயர்த்தினார். முறிந்து கூடிய அந்தத் தலை மற்றவர்களுக்கு மேலே எழுந்து, பந்தை வலைக்குள் அனுப்பியது.