கோழி முட்டையை நிறுத்திவிட்டதா? ஊசிக்கு முன் அதன் இனத்தைப் பாருங்கள்

"கோழி முட்டையை நிறுத்திவிட்டது, ஒரு ஊசி போடுங்கள் டாக்டர்" என்று கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவரப்படும் கோழிகளில் பலவற்றுக்கு எந்த நோயும் இருப்பதில்லை. அடைக்கு உட்கார்ந்த நாட்டுக்கோழியாக இருக்கும்; இல்லாவிட்டால், முட்டைக்கென்று வாங்கிய அசில் என்ற சண்டைக்கோழியாக இருக்கும். வாங்கும்போது நிறத்தையும் எடையையும் பார்ப்பவர்கள் குணத்தை விசாரிப்பதில்லை.

அடைக்கோழியை அடையாளம் காண ஊசியும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம். முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழியின் கொண்டை சிவந்து தடித்திருக்கும். அதன் பின்புறத்தில் ஆசனவாய்க்குக் கீழே உள்ள இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல்கள் தாராளமாக நுழையும். அடைக்கோழிக்கோ கொண்டை வெளுத்துச் சுருங்கி, அந்த இடைவெளி குறுகி, நெஞ்சில் இறகு உதிர்ந்து தோல் தெரியும். நாளுக்கு ஓரிரு முறை மட்டும் எழுந்து வந்து, பெரிய உருண்டையாக, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்துடன் எச்சமிடும். இதைக் கழிச்சல் என்று எண்ணி மருந்து கேட்பவர்கள் உண்டு.

சிறுவிடை போன்ற நாட்டுக்கோழி 12 முதல் 15 முட்டைகள் வரை இட்டபின் அடைக்கு உட்காரும். குஞ்சு பொரிக்க 21 நாள். பிறகு குஞ்சுகளை மேய்த்துப் பிரித்துவிடும்வரை ஏறக்குறைய இரண்டு மாதம். ஆகவே ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடுதான் கிடைக்கும், முட்டைக் கணக்கு 50, 60-ஐத் தாண்டுவது அரிது. புரோலாக்டின் என்ற ஹார்மோன் உயரும்போது முட்டைக்கரு உருவாகும் சூலகம் ஓய்ந்து, உட்காரும் வேட்கை எழுகிறது. இதை அடக்குவதற்காக மூக்கில் இறகைக் குத்துவதும், தண்ணீரில் முக்கி எடுப்பதும், காலைக் கட்டிப் பட்டினி போடுவதும் இன்றும் பல ஊர்களில் நடக்கின்றன. இவை வைத்தியம் அல்ல, வதை. அடியில் கம்பிவலை உள்ள கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, வைக்கோல் எதுவும் இல்லாமல், தீவனமும் தண்ணீரும் வழக்கம்போல் கொடுத்து சில நாள் அதில் விட்டால், வயிற்றுக்குக் கீழே காற்றோடி வேட்கை தானாகத் தணியும். இரண்டு மூன்று வாரங்களில் மீண்டும் முட்டை வரும்.

அசில் வேறு ரகம். மனிதர்களிடம் சாதுவாக நிற்கும், தன் இனத்திடம் மூர்க்கம் காட்டும். சேவல் மட்டுமல்ல, பெட்டைகளும் கொத்திக்கொள்ளும், குஞ்சுகள்கூடச் சீக்கிரமே சண்டையைத் தொடங்கிவிடும். பருவத்துக்கு வரத் தாமதமாகும், முட்டையும் குறைவு. ஆனால் குஞ்சுகளைக் காப்பதில் அதற்கு நிகரான தாயைக் காண்பது கடினம். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த கடக்நாத் இதற்கு நேர்மாறு: ஆண்டுக்கு 80 முதல் 100 முட்டைகள் வரை இடும், அடைகாப்பதில் அவ்வளவு ஆர்வம் காட்டாது. அதன் தோலும் இறைச்சியும் கருமையாக இருந்தாலும் முட்டை வெளிர் பழுப்பு நிறம்தான். கறுப்பு முட்டை என்று விலை சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜாவும் கிராமப்பிரியாவும் பெரும்பாலும் அடைக்கு உட்காராதவை. வனராஜா 100-க்கு மேலும், கிராமப்பிரியா நல்ல பராமரிப்பில் 160-க்கு மேலும் முட்டையிடக்கூடியவை. வனராஜா உடல் கனத்தது என்பதால் நாய், கீரி துரத்தினால் தப்புவது சிரமம். கிராமப்பிரியா சற்று இலகுவானது. இவற்றின் முட்டைகளை நாட்டுக்கோழிக்கு அடைவைத்துப் பெருக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இவை கலப்பினங்கள் என்பதால் அடுத்த தலைமுறையில் தாயின் முட்டைத் திறன் அப்படியே வராது. புதிய குஞ்சுகளை அரசுப் பண்ணைகளிலோ பல்கலைக்கழக மையங்களிலோ வாங்குவதே நல்லது. குறைந்த முட்டை போதும், குஞ்சுக்குத் தட்டுப்பாடு இருக்கக் கூடாது என்பவருக்கு என் பரிந்துரை எப்போதும் சிறுவிடைதான்.

எந்த இனமானாலும், ஓட்டுக்கு மட்டும் ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் தேவை. அரிசியும் குருணையும் மட்டும் தின்னும் கோழி தன் எலும்பிலிருந்து அதை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒருநாள் ஓடில்லாத தோல்முட்டை இடும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவையான அளவை அதுவே கொத்திக்கொள்ளும். புதருக்குள்ளும் வைக்கோற்போரிலும் களவாக முட்டையிடும் கோழிக்கு, இருட்டான மூலையில் வைக்கோல் பரப்பிய கூடையில் ஒரு முட்டையை அடையாளமாக விட்டுவையுங்கள்; பெரும்பாலும் அங்கேயே வந்துவிடும்.

உண்மையில் மருத்துவரைத் தேட வேண்டிய அறிகுறிகள் வேறு. வாலைத் தாழ்த்தி நிமிர்ந்து நின்று முக்கும் கோழிக்கு முட்டை அடைபட்டிருக்கலாம். அதை அன்றே காட்ட வேண்டும். பல கோழிகள் ஒரே சமயத்தில் முட்டையை நிறுத்தி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயாக இருக்கக்கூடும். செத்ததைத் தெருவில் எறியாமல் ஆழப் புதைத்துவிட்டு, மீதமுள்ளவற்றைச் சந்தைக்குக் கொண்டுபோகாமல், உடனே மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.