தரீக்கா: ஆணையும் அல்ல, பிரிவும் அல்ல

ரங்கூனில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷாவின் தர்காவுக்கு வந்த வெளியூர்க் கூட்டம் ஒன்றுக்காக யாரோ அச்சடித்த தமிழ்த் தாள் கைக்கு வந்தது. "சிஷ்தி ஆணையைச் சேர்ந்த மன்னர்" என்றிருந்தது. எந்த ஆணை? யார் பிறப்பித்தது? ஆங்கில 'ஆர்டர்' என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைத்த பொருளை இறக்கிவிட்டார்கள். 'சூஃபி ஒழுங்கு' என்றும் முன்பு ஒருமுறை படித்து நொந்திருக்கிறேன்.

சரியான சொல் தரீக்கா. ஷெய்கு எனும் ஞானகுருவின் கைபிடித்து நடக்கும் சூஃபிப் பாதை; சிஷ்தி, காதிரிய்யா, நக்ஷபந்தி எல்லாம் தரீக்காக்கள். அரபியில் பாதை, செய்யும் முறை. நம்மவர் வாயில் தரீக்கத்து. அவ்வளவுதான்.

'ஆணை'யைச் சிரித்துவிட்டுக் கடக்கலாம். எனக்கு ஆகவே ஆகாதது 'பிரிவு'. படித்தவர்களே "காதிரிய்யா என்ற இஸ்லாமியப் பிரிவு" என்கிறார்கள். பிரிவு என்றால் பிரிந்து போனது. காதிரிய்யாவுக்குப் பெயர் தந்தவர், 1166இல் பக்தாதில் மறைந்த முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி யாரிடமிருந்து பிரிந்தார்? மார்க்கச் சட்டத்தில் அவர் ஹன்பலி மத்ஹபு, அதாவது ஹன்பலி சட்டப்பள்ளி. அவர் பெயரால் ராத்திபு (கூட்டாக ஓதும் துதி) ஓதும் நம் கடற்கரையூர்க்காரர்களில் பெரும்பாலோர் ஷாஃபி. ஹனஃபிக்காரரும் அதே விரிப்பில் உட்கார்ந்து திக்ரு (இறைநாமத்தை நினைந்து ஓதுவது) செய்வார். ஒரே ஆள் இரண்டு தரீக்காக்களில் இஜாஸத்து (ஷெய்கின் அனுமதி) வாங்குவதும் உண்டு. இரண்டு பிரிவில் ஒருவர் எப்படி இருப்பார்? தரீக்காவைக் கோப்பது சில்சிலா. ஷெய்கு, அவருடைய ஷெய்கு என்று நபிவரை பின்னோக்கிப் போகும் சங்கிலி அது. கைபிடித்து பைஅத்து (ஷெய்கிடம் உறுதிமொழி) செய்தவர் அதில் ஒரு கண்ணி. காதிரிகள் வாய்விட்டு ஓதுவதும் நக்ஷபந்திகள் பெரும்பாலும் நெஞ்சுக்குள் ஓதுவதும் பயிற்சியில் உள்ள வேறுபாடு, கொள்கைப் பிளவு அல்ல.

'துறவியர் சபை' இன்னொரு கூத்து. கிறிஸ்தவ மடங்களைப் பார்த்துப் போட்ட சொல். ஜீலானிக்கு மனைவி மக்கள் உண்டு. 1862இல் இங்கே ரங்கூனில் கைதியாக இறந்த பகதூர் ஷாவோ, தில்லி அரண்மனையில் இருந்துகொண்டே முரீதுகளை (சீடர்களை) ஏற்ற பீர், அதாவது ஞானகுரு. துறவியாம்!

தமிழில் சொல்லியே ஆகவேண்டுமென்றால் 'ஞானநெறி'. 'மார்க்கம்' கூடாது, அது நம்மிடம் தீனுக்கே, அதாவது இஸ்லாத்துக்கே, பெயராகிவிட்டது. 'வழி' போதாது, கடைக்குப் போவதும் வழிதான். நெறியில் நடக்கும் பாதையும் உண்டு, நடந்துகொள்ளும் முறையும் உண்டு. ஆனால் தரீக்கா என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்? தனித்தமிழ் நண்பர்கள் முகம் சுளிக்கலாம். ராத்திபும் கந்தூரியும் நம் பாட்டன்மாரோடு கப்பலேறி வந்த சொற்கள். அவர்களிடம் போய் அவை தமிழில்லை என்று சொல்லிப் பார்த்திருக்கவேண்டும்.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் திக்ரு 'மந்திர உச்சாடனம்' ஆகியிருந்தது. அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.