அசைவுக் கோளாறு நிபுணர்: சொல்லும் பணியும்

கை நடுங்கினாலும் நரம்புத் தளர்ச்சி, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டாலும் நரம்புத் தளர்ச்சி, நடையில் காலடி குறுகினாலும் நரம்புத் தளர்ச்சி. இந்த ஒற்றைச் சொல் தமிழில் செய்திருக்கும் கெடுதல் கொஞ்சமல்ல. மூன்றும் வெவ்வேறு நோய்களாக இருக்கலாம். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாமல் போகலாம். இவற்றைப் பிரித்தறிவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட மருத்துவரை ஆங்கிலத்தில் 'மூவ்மென்ட் டிஸார்டர் நியூராலஜிஸ்ட்' என்கிறார்கள்.

முதலில் நியூராலஜி. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ், மூளையின் உடற்கூறு பற்றி 1664இல் லத்தீனில் வெளியிட்ட நூலில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் 'நியூரான்' என்றால் தசைநாண். வில்லில் பூட்டும் நாணும் அதுவே. தமிழின் 'நரம்பு' நடந்துவந்த வழியும் இதை ஒட்டியதே. தொல்காப்பியம் 'நரம்பின் மறை' என்று சொல்வது யாழின் இசை நூலை. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் முதியவளின் தோள் 'நரம்பெழுந்து உலறிய' தோள். அங்கே நரம்பு, தோலுக்கு மேல் புடைத்துத் தெரிவது. இசைக்கருவியின் தந்தி, உடலின் நாண், பிறகு மூளையின் செய்தியைக் கடத்தும் இழை என்று பொருள் விரிந்திருக்கிறது. ஆகவே 'நரம்பியல்' வலிந்து செய்த மொழிபெயர்ப்பு அல்ல. பழைய சொல்லின் இயல்பான வளர்ச்சி.

சிக்கல் 'மூவ்மென்ட்' என்பதில்தான். பலரும் 'இயக்கக் கோளாறு' என்று எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் இயக்கம் என்றதும் கட்சியும் போராட்டமும் நினைவுக்கு வரும். இயக்கக் கோளாறு என்றால் பழுதான இயந்திரமும் வரும். 'அசைவு' உடலோடு ஒட்டிய சொல். கண்ணிமை அசையும், விரல் அசையும், தலை அசையும். 'அசைவுக் கோளாறு' என்றால் எவருக்கும் உடனே விளங்கும். என் தேர்வு அதுதான்.

இந்தப் பெயருக்கு வயது அதிகமில்லை. நோய்கள் பழையவை: ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்க நோயை விவரித்தது 1817இல், ஜார்ஜ் ஹன்டிங்டன் தம் பெயரால் வழங்கும் நோயை எழுதியது 1872இல். 1967இல் மருத்துவர் ஜார்ஜ் கோட்சியாஸ், லெவோடோபா அடங்கிய டோபா மருந்தைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பலன் கண்டதாக அறிவித்த பிறகு இத்துறைக்குப் புது வேகம் பிறந்தது. நரம்பியல் மருத்துவர்கள் ஸ்டான்லி ஃபானும் டேவிட் மார்ஸ்டனும் முன்னின்று 1985இல் இதற்கென ஒரு சர்வதேசச் சங்கத்தை உருவாக்கினார்கள். மறு ஆண்டு வந்த அதன் ஆய்விதழோடு வீடியோ நாடாவும் அனுப்பப்பட்டது. அசைவை எழுத்தில் எவ்வளவு வருணித்தாலும் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்பதால்.

வரையறையை இப்படிச் சொல்லலாம்: தசையில் பலம் இருக்கிறது, ஆனால் அசைவு தேவைக்கு மேல் வருகிறது, அல்லது தேவைக்குக் குறைகிறது. வலுவிழந்து கை விழுந்துவிடும் பக்கவாதம் இதில் சேராது. மிகை அசைவில் நடுக்கம், தசை முறுக்கம், தாமாகத் துள்ளும் கொரியா ஆகியவை அடங்கும். குறை அசைவின் தலையாய எடுத்துக்காட்டு பார்க்கின்சன் நோய். கொரியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு நடனம் என்று பொருள். தசை முறுக்கத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டிஸ்டோனியா'வில் உள்ள 'டோனோஸ்' இழுவிசையைக் குறிக்கும். கட்டிய தந்தியின் விறைப்பையும் அதே சொல் சுட்டும். யாழ் நரம்பு இங்கேயும் வந்து நிற்கிறது.

இந்த நிபுணரின் வேலை பார்வையில் தொடங்குகிறது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் அகலமாகவும் வேகமாகவும் தட்டச் சொல்வார். பார்க்கின்சன் உள்ளவரின் தட்டல் பெரிதாகத் தொடங்கி, பத்துத் தட்டலுக்குள்ளேயே சிறுத்து, நடுவில் நின்று நின்று வரும். காகிதத்தில் சுருள் வரையச் சொல்வார். கோட்டின் அலையில் நடுக்கத்தின் இயல்பு தெரியும். கழுத்து திருகியவர் தம் தாடையை ஒரு விரலால் மெல்லத் தொட்டதும் தலை நேராவதைக் காணலாம். அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, இது மனம் சார்ந்த கோளாறு என்று மருத்துவர்கள் எழுதிய காலமும் உண்டு. எனக்கு இன்றும் ஆறாத செய்தி அது. உண்மையில் அந்தத் தொடுகையே தசை முறுக்கத்தின் தெளிவான அடையாளம்.

அசைவுக்குச் சரியான பெயர் வைத்த பிறகே காரணத்தைத் தேடுவார். இளவயதில் நடுக்கமோ முறுக்கமோ வந்தால் கருவிழியின் விளிம்பில் பழுப்புப் பச்சை வளையம் இருக்கிறதா என்று பார்ப்பார். உடலில் செம்பு சேரும் வில்சன் நோயின் தடம் அது. காலத்தோடு கண்டுபிடித்தால் மருந்துண்டு, விட்டால் கல்லீரலும் மூளையும் கெடும். வேறொரு வகை முறுக்கம் குழந்தைகளுக்கு வரும். சிறிதளவு லெவோடோபா கொடுத்தாலே நடக்க முடியாத பிள்ளை நடந்துவிடும்.

இந்த இடத்துக்கு வர நெடுங்காலம் படிக்க வேண்டும். மருத்துவப் பட்டம், நரம்பியல் சிறப்புப் பயிற்சி, அதற்கும் மேல் ஓராண்டோ ஈராண்டோ இத்துறையில் மட்டும் ஃபெலோஷிப் என்னும் மேற்பயிற்சி. அங்கேதான் முறுக்கிய தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி போடவும், மூளைக்குள் பொருத்திய மின்முனைகளின் தூண்டலை நோயாளிக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கவும் கற்கிறார்கள். பிறகு சிலர் மருத்துவமனைப் பணியோடு நிற்பார்கள், சிலர் ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் போவார்கள். எங்கே போனாலும் அதே நோயாளியைப் பத்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் துறை இது.

முழுப்பெயராக 'அசைவுக் கோளாறு நரம்பியல் நிபுணர்' என்று எழுதலாம். சுருக்கமாக 'அசைவுக் கோளாறு நிபுணர்' போதும். பார்க்கின்சன் நோய்க்கு வழங்கும் 'நடுக்குவாதம்' அழகான சொல்தான், ஆனால் நடுக்கமே இல்லாமலும் அந்நோய் வரும். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ பழைய 'நடுங்கும் வாதம்' என்ற பெயரை இதே காரணத்துக்காக மறுத்து, பார்க்கின்சனின் பெயரையே சூட்டினார். கை நடுங்காததால் தமக்கு அந்நோய் இல்லை என்று ஒருவர் நம்பிவிடக் கூடாது. ஆகவே நோய்க்குப் பார்க்கின்சன் என்ற பெயரையே வைத்துக்கொண்டு, நடுக்கம் என்ற சொல்லை அந்த அறிகுறிக்கு மட்டும் பயன்படுத்தலாம்.