கத்திரி வெயிலில் சென்சாருக்கு ஏன் கண் மங்குகிறது?

சித்திரை 21-ஐ ஒட்டிக் கத்திரி தொடங்கும்போது வேலூரில் தெருவுக்கு நாலைந்து வீடு பூட்டிக் கிடக்கும். பள்ளி விடுமுறை. சொந்த ஊர், ஏலகிரி, திருப்பதி என்று குடும்பத்தோடு கிளம்பியிருப்பார்கள். ஜன்னல்கள் அடைத்து, மின்விசிறி நின்று, மொட்டை மாடி காங்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு முழுக்க அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். திருட்டு அலாரம் முழு விழிப்போடு இருக்க வேண்டிய வாரங்கள் இவை. அந்த அலாரத்தின் முக்கியமான கண்ணுக்குப் பார்வை மங்கும் வாரங்களும் இவையே. சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ குடியாத்தத்திலோ அலாரம் வைக்கப்போகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

அறை மூலையில் வெள்ளை டப்பாவாக மாட்டியிருக்கும் பிஐஆர் சென்சார், அதாவது உடல் வீசும் அகச்சிவப்புக் கதிரை வைத்து ஆளைக் கண்டறியும் கருவி, எந்தக் கதிரையும் வெளியே அனுப்புவதில்லை. வருவதை மட்டும் வாங்கிக்கொள்கிறது. மனித உடல் 9, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தையொட்டி அகச்சிவப்புக் கதிரை ஓயாமல் வீசுகிறது. டப்பாவின் முகத்தில் உள்ள வரிவரியான பிளாஸ்டிக் வில்லை அறையை விசிறிபோலப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலிருந்தும் வரும் கதிரை உள்ளே இருக்கும் சிறு படிகத்தின்மேல் குவிக்கிறது. படிகத்தில் இரண்டு பாகங்கள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைக்கப்பட்டவை. அறை முழுவதும் மெல்லச் சூடேறினால் இரண்டிலும் ஒரே மாற்றம் ஏற்பட்டு ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். ஆள் நடந்து பட்டைகளைக் கடக்கும்போது முதலில் ஒரு பாகமும் பிறகு மற்றதும் தூண்டப்படும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சென்சார் ‘ஆள்’ என்று படிக்கிறது.

சென்சார் பார்ப்பது ஆளுக்கும் பின்னால் உள்ள சுவருக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டை. மார்கழியில் சுவர் 24 டிகிரி, தோல் 33 டிகிரி. ஆள் பளிச்சென்று தெரிவார். பூட்டிய வீட்டில் மே மாத இரவில் சுவர் 33, 34 டிகிரியிலேயே நிற்கும்போது அதே ஆள் சுவரோடு சுவராகக் கரைந்துபோகிறார். இந்த வெப்பநிலையில் ஒரு டிகிரி வேறுபாடு சதுர மீட்டருக்குச் சுமார் 6.5 வாட் கதிர்வீச்சு வேறுபாட்டைத் தருகிறது. ஒன்பது டிகிரி இடைவெளியில் 55 வாட்டுக்கு மேல் கிடைத்த சமிக்ஞை, ஒரு டிகிரியில் ஆறரைக்கு இறங்கிவிடும். சுவர் 40-ஐத் தொட்டால் பார்வை மீண்டும் திரும்பும், ஏனென்றால் அப்போது ஆள் குளிர்ந்த உருவமாகத் தெரிவார். இரண்டுக்கும் நடுவே உள்ள 32 முதல் 37 டிகிரிதான் குருட்டுப் பகுதி. வெயிலூர் என்று பெயர் வாங்கிய நம் ஊரில் கோடை இரவுகள் பெரும்பாலும் அந்தப் பகுதிக்குள்தான் விழுகின்றன.

நல்ல சென்சார்களில் வெப்ப ஈடுகட்டும் சுற்று இருக்கும். அறை சூடேறும்போது அது உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்ளும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் மைக்ரோவேவ் அலையை அனுப்பி அசைவைக் கண்டறியும் பகுதியும் சேர்ந்த இரட்டை சென்சார் வாங்கினால் வெயில் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். பெரும்பாலான இரட்டை சென்சார்கள் பிஐஆர், மைக்ரோவேவ் இரண்டும் ஒருசேர ‘ஆம்’ என்றால்தான் அலாரம் கொடுக்கும். பொய் அலாரத்தைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. பிஐஆர் குருடானால் இரட்டை சென்சாரும் சேர்ந்து குருடாகும்.

நம்பத்தக்க வழி வேறு. ஆள் சென்சாருக்கு அருகில் வந்தே தீர வேண்டிய இடத்தில் அதை மாட்டுங்கள். பத்து மீட்டர் ஹாலைக் கோடிக்குக் கோடி பார்க்கும் சென்சாரை விட, ஹாலிலிருந்து பீரோ அறைக்குப் போகும் குறுகிய வழியில் மூன்று மீட்டருக்குள் பார்க்கும் சென்சார் கோடையில் பலமடங்கு மேல். கிட்டத்தில் ஆள் பட்டையை முழுதாக நிரப்புவதால் குறைந்த வேறுபாடும் போதுமானதாகிறது. உயரம் 2.1 முதல் 2.4 மீட்டர். ஆள் சென்சாரை நோக்கி நேராக வராமல் குறுக்கே கடக்கும்படி மூலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் நேராக வருபவர் பட்டைகளை மிக மெதுவாகத்தான் கடக்கிறார். மேற்குச் சுவரில் மாட்ட வேண்டாம், ஜன்னலை நேரே பார்க்கவும் விட வேண்டாம். கண்ணாடி இந்தக் கதிரை மறைத்துவிடும் என்பதால் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நடப்பது எதுவும் சென்சாருக்குத் தெரியாது.

மாட்டிய அன்றே எல்லோரும் நடந்து சோதிப்பார்கள். அப்போது மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும், ஜன்னல் திறந்திருக்கும். அந்தச் சோதனை பாதிதான். மே மாதத்தில் ஒரு நாள் மாலை வீட்டை மூன்று மணி நேரம் அடைத்துவைத்துவிட்டு, உள்ளே போய் அதே பாதையில் மெதுவாக நடந்து பாருங்கள். எத்தனையாவது அடியில் சென்சாரின் சிவப்பு விளக்கு எரிகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்திலும் இதேபோல் நடந்து குறித்துவையுங்கள்; அந்தக் குறிக்கும் இதற்கும் உள்ள தூரம்தான் உங்கள் வீட்டின் உண்மையான ஓட்டை.

இதனால்தான் வேலூர் வீட்டுக்கு முதல் காவல் கதவுகளில் இருக்க வேண்டும். அங்கே வெயிலால் குழம்பாத காந்த சென்சார் இருக்கிறது. கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புக் கலவைத் தகடுகள். காந்தம் அருகில் இருந்தால் ஒட்டும், விலகினால் பிரியும். இந்த ரீட் ஸ்விட்சை 1936-ல் பெல் ஆய்வகத்தில் எல்வுட் உருவாக்கினார். இன்றுவரை அடிப்படை மாறவில்லை. ஸ்விட்ச் கதவின் நிலைச்சட்டத்திலும் காந்தம் கதவிலும் வரும். கீல் பக்கம் வைத்தால் கதவு ஒரு சாண் திறந்த பிறகுதான் காந்தம் விலகும், ஆகவே தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலையில் வைக்க வேண்டும். இரட்டைக் கதவாக இருந்தால் ஒவ்வொரு கதவுக்கும் ஒன்று, இரண்டும் தொடர் இணைப்பில். மரக்கதவு ஐப்பசி மழையில் உப்பி, கோடையில் சுருங்கும் என்பதால் மூடிய நிலையில் 5, 6 மி.மீ. இடைவெளி விடுங்கள். கதவை மெதுவாகத் திறந்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள், 5 செ.மீ. திறப்பதற்குள் பேனல் (எல்லா சென்சாரும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டி) அந்த ஜோனை, அதாவது அந்தக் கதவுக்கான வயர் இணைப்பை, திறந்ததாகக் காட்ட வேண்டும்.

இரும்பு கிரில் கேட், ஷட்டர் இவற்றில் சாதாரண சென்சாரை ஒட்டினால் இரும்பு காந்தப் புலத்தை இழுத்துக்கொள்ளும். வேலை செய்யும் தூரம் பாதியை விடக் குறைந்துபோகலாம். இரும்புக்கென்றே வரும் பெரிய உலோக சென்சாரை வாங்கி, அடியில் 6 முதல் 10 மி.மீ. அலுமினியக் கட்டை கொடுத்துப் பொருத்துங்கள். எல்லாவற்றையும் விட அதிகம் மறக்கப்படுவது மொட்டை மாடிப் படிக்கட்டின் தகரக் கதவு. பெரும்பாலும் வீட்டிலேயே பலவீனமான கதவு அதுதான், நாள் முழுக்க வெயிலில் காய்வதும் அதுதான். இருபுறம் ஒட்டும் டேப்பில் காந்தத்தை ஒட்டினால் ஒரே கோடையில் பசை இளகிக் காந்தம் கீழே விழும். திருகு போட்டே ஆக வேண்டும். சுத்தியலால் தட்டிச் சரிசெய்யப் பார்த்தால் உள்ளே கண்ணாடிக் குழாய் விரிசல் விடும், ஆகவே முன்கூட்டியே துளையிட்டுத் திருப்புளியால் மட்டும் இறுக்குங்கள்.

அடுத்தது வயரிங். பேனலிலிருந்து சென்சாருக்குப் போய்த் திரும்பும் வயர் சுற்றின் (லூப்) கடைசியில் வரும் சிறு ரெசிஸ்டர் (மின்தடை)தான் மொத்த அமைப்பின் நேர்மை. பேனல் ஒவ்வொரு ஜோனிலும் சிறிது மின்னோட்டம் விட்டு, எதிரில் குறிப்பிட்ட ஓம் இருக்கிறதா என்று விடாமல் அளந்துகொண்டிருக்கும். 2.2 கிலோ ஓம் பழக்கமான அளவு, சிவப்பு-சிவப்பு-சிவப்பு-தங்கம் என்ற வளையங்கள். பேனலுக்கு ஏற்ப 1, 4.7, 5.6 கிலோ ஓமும் உண்டு, ஆகவே பெட்டியோடு வந்ததையே போடுங்கள். வயர் அறுந்தால் ஓம் எல்லையற்றதாகும். எலி கடித்தோ யாராவது வேண்டுமென்றோ இரண்டு வயரையும் ஒட்டிவிட்டால் பூஜ்யமாகும். இரண்டையும் பேனல் கண்டுபிடிக்கும். ஆனால் அந்த ரெசிஸ்டர் சென்சார் டப்பாவுக்குள், வயரின் கடைசிக் கோடியில் இருக்க வேண்டும். சிரமம் பார்த்து அதைப் பேனல் பெட்டிக்குள்ளேயே முடுக்கிவிடுவது இந்தத் தொழிலில் நடக்கிற மிக மோசமான குறுக்குவழி. அப்படிச் செய்தால் வழியில் வயர் ஒட்டிக்கொண்டாலும் பேனலுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அந்தக் கதவு காவலே இல்லாமல் கிடக்கும். வீட்டுக்காரருக்கு அது தெரியவே வராது. வேலை முடிந்ததும் பேனலைத் திறந்துகாட்டச் சொல்லி, ஜோன் முனைகளில் ரெசிஸ்டர் தொங்குகிறதா என்று நீங்களே பாருங்கள்.

ஏதாவது ஒரு ஜோன் அடிக்கடி காரணமில்லாமல் திறந்தால் சென்சாரை மாற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். மின்சாரத்தையும் பேட்டரியையும் துண்டித்து, அந்த ஜோனின் இரண்டு வயரையும் முனையிலிருந்து கழற்றிவிட்டு ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். கழற்றாமல் அளந்தால் பேனலின் சுற்றும் சேர்ந்து தவறான எண் வரும். காந்த சென்சார் ஜோனில் கதவு மூடியிருக்கும்போது 2.2 கிலோ ஓமும் சில ஓமும் வந்தால் நலம். எண் 2.6, 3.1, 2.4 என்று நிற்காமல் ஆடினால் எங்கோ ஒரு முறுக்கு இணைப்பு பச்சை பிடித்திருக்கிறது. பரணிலும் சுவிட்ச் பெட்டியிலும் வெறும் முறுக்கி டேப் சுற்றிய இடங்களைத் தேடுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதும். 230 வோல்ட் வயர் போகும் அதே குழாயில் அலாரம் வயரை இழுத்திருந்தால் மோட்டார் போடும்போதெல்லாம் பொய் அலாரம் வரலாம். ஒரு அடி விலக்கித் தனிக் குழாயில் கொண்டுபோங்கள். குறுக்கிட வேண்டியிருந்தால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும்.

சைரனுக்கு மெல்லிய அலாரம் வயர் போடுவதும் வழக்கமான தவறு. 0.22 சதுர மி.மீ. வயரில் மீட்டருக்கு 0.078 ஓம். மாடியில் 20 மீட்டர் தள்ளி வைத்தால் போக வர 40 மீட்டர், 3 ஓமுக்கு மேல். ஒரு ஆம்பியர் இழுக்கும் ஹூட்டருக்கு (சைரனுக்கு) வழியிலேயே 3 வோல்ட் போய்விடும். 12 புறப்பட்டு 9 சேரும், சத்தம் தேயும். 1 சதுர மி.மீ. வயரில் இழப்பு 0.7 வோல்ட்தான்.

பிஐஆர் நள்ளிரவில் பொய்யாகக் கத்தினால் முதல் சந்தேகம் பல்லி. பல்லியின் உடல் சுவரின் சூட்டிலேயே இருந்தாலும், வில்லையின்மேல் நேராக ஊர்ந்தால் பட்டைகளை ஒவ்வொன்றாக மறைத்துத் திறப்பதால் சென்சார் ஏமாறுகிறது. டியூப்லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். ஆகவே விளக்கிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி மாட்டுங்கள். வயர் நுழையும் துளையைச் சிலிகானால் அடைக்காவிட்டால் உள்ளே இருக்கும் கதகதப்புக்கு எறும்பு புற்று வைக்கும். வெயில் படும் திரைச்சீலை, காற்றில் படபடக்கும் தினசரி காலண்டர், அணையாத பூஜை விளக்கு மூன்றும் சென்சாரின் பார்வையில் இருக்கக்கூடாது. பேனலின் பதிவில் நேரத்தைப் பாருங்கள்: தினமும் மாலை நாலு மணி வாக்கில் வந்தால் வெயில் கீற்று, ஒழுங்கில்லாமல் இரவில் வந்தால் உயிரினம்.

பேட்டரியையும் வெயில்தான் தின்கிறது. 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் ஈயப் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்கு எழுதப்பட்டது. ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகும். 4 ஆண்டு என்றால் 35 டிகிரியில் 2 ஆண்டு. பேனலை மாடிப் பரணில் காங்கிரீட்டுக்கு அடியில் ஒளித்துவைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. கீழ்த்தளத்தில், உள்சுவரில், கண்ணில் படாத இடமே சரி. பேனல் 120, கீபேட் 40, ஐந்து பிஐஆர் 60 என்று 220 மில்லி ஆம்பியர் செலவாகும் வீட்டில் புதுப் பேட்டரி 30 மணி நேரம் தாங்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புத் தடை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை நீடித்தாலும் புதுப் பேட்டரிக்கு அது பெரிதில்லை. இரண்டு கோடை பார்த்த பேட்டரி அந்த எட்டு மணி நேரத்திலேயே மூச்சை விட்டுவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜ் முனைகளில் அளந்தால் 13.5 முதல் 13.8 வோல்ட் வர வேண்டும். பிறகு அதை மாட்டி, மெயினை அணைத்து, ஹூட்டரை 5 நிமிடம் ஒலிக்கவிட்டுப் பேட்டரி முனையில் அளவு எடுங்கள். 11.5-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். பக்கங்கள் உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், அன்றே மாற்றுங்கள்.

ஊருக்குப் போகும் முதல் நாள் ஒரு வேலை பாக்கி. அலாரம் அடித்தால் போனுக்கு அழைக்கும் கருவியின் சிம்மில் ரீசார்ஜ் காலாவதியாகியிருந்தால் சைரன் மட்டும்தான் ஒலிக்கும், அழைப்பு வராது. 2ஜி மட்டும் அறிந்த கருவியில் 2ஜி சேவையே தராத நிறுவனத்தின் சிம் எடுபடாது. அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மெயினை அணைத்துப் பேட்டரியில் மட்டும் அமைப்பை ஓடவிட்டு, மாடிக் கதவைத் திறந்து அலாரத்தை எழுப்புங்கள். உங்கள் போனும், அவசரத்துக்கு எண் கொடுத்திருக்கும் எதிர்வீட்டு அண்ணனின் போனும் இரண்டும் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு மெயினைப் போடுங்கள்.