இறகு ஈயை எந்த மீன் விழுங்கும்?

களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தோட்டத்துக் குட்டை அரை ஏக்கர் இருக்கும், நல்ல ஆழம். கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் மகன் ஃப்ளை ஃபிஷிங் கம்போடு, இறகால் கட்டிய பொய் ஈயை வீசிக்கொண்டு கரையில் நிற்கிறான். ஒரு மீன்கூட அவன் ஈயைச் சீண்டுவதில்லை. டிரவுட் விடலாமா? வேறு என்ன விடலாம்?"

டிரவுட்டை முதலில் தள்ளிவிடுவோம். வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரியில் கொண்டுவந்து விட்ட டிரவுட் இன்றும் அங்கே இருக்கிறது என்றால் காரணம் மலைக்குளிர். நீரின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் அது திணறும். களக்காட்டில் சித்திரை வெயிலில் குட்டையின் மேல்நீர் 30 டிகிரிக்கு மேல் போய்விடும். 15 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற மீனின் தேவையோ கூடும். வரவு குறையும்போது செலவு ஏறினால் டிரவுட் தாங்காது.

ஃப்ளை ஃபிஷிங்கில் மண்புழு கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. இறகையும் மயிரையும் முள்ளில் கட்டிப் பூச்சி போலவோ இறால் போலவோ சிறு மீன் போலவோ செய்த பொய் இரை. அதற்கு எடையே இல்லை என்பதால் தடித்த நூலின் எடையை வைத்துத்தான் வீசவேண்டும். ஆகவே குட்டையில் இருக்கும் மீன் கண்ணால் பார்த்துத் துரத்தும் மீனாக இருக்கவேண்டும்.

கட்லாவின் வாய் மேல்நோக்கித்தான் இருக்கிறது. ஆனால் அது தேடுவது கண்ணுக்குத் தெரியாத விலங்கு நுண்ணுயிர்களை. நீரை அள்ளி, செவுளில் நெருக்கமாக இருக்கும் முட்களில் சலித்துத் தின்னும். ரோகு நடுநீரில் பாசியும் செடிப்பொருளும் மேயும். மிர்கால் அடிமண்ணைக் கிளறும். மூன்றும் மூன்று தளத்தில் தின்பதால்தான் ஒரே குளத்தில் சேர்த்து வளர்க்கிறோம். இவற்றில் எதுவும் இறால் வடிவத்தைப் பார்த்துப் பாய்வதற்காக அமைந்த மீன் இல்லை. மகனின் வீச்சில் குறை ஒன்றும் இருக்காது.

கழிமுகத்திலும் கடலோரத்திலும் வாழும் வேட்டை மீனான கொடுவாவின் வாய் வேறு. நான் நின்று சொல்ல ஆசைப்படுவது இதைத்தான். கொடுவா இரையைக் கவ்வுவதில்லை, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. இரைக்கு அருகே வரும்வரை வாயை இறுக மூடி, உள்ளே இடமே இல்லாமல் வைத்திருக்கும். பிறகு தலை மேலே தூக்கும், கீழ்த்தாடை இறங்கும், தொண்டையடி எலும்பு கீழே போகும், கன்னங்கள் இருபுறமும் விரியும். கொல்லன் துருத்தியை விரித்ததும் காற்று உள்ளே பாய்வதைப் போல நீர் உள்ளே பாயும். எல்லாம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் செவுள்மூடிகள் பின்னால் அடைத்தே இருக்கும். தண்ணீர் காற்றைப் போல விரிந்து இடத்தை நிரப்பாது. ஆகவே வாய்க்குள் புதிதாக உண்டான இடத்துக்கு வெளியிலிருந்து நீர் வந்தே ஆகவேண்டும். வர ஒரே வழி முன்வாய். நீரோடு இரையும் வந்துவிடுகிறது. அது உள்ளே வந்தபிறகுதான் செவுள்மூடி திறக்கிறது; நீர் பின்வழியே போக, இரை தங்கிவிடுகிறது.

இத்தனை பலம் தலைக்கு எங்கிருந்து வந்தது? தலையில் இருப்பவை சின்னச் சின்னத் தசைகள். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதேபோல் உறிஞ்சித் தின்னும் லார்ஜ்மௌத் பாஸ் மீனை எக்ஸ்ரே வீடியோவில் பிடித்துக் கணக்குப் போட்டு 2015-இல் வெளியிட்டார்கள். உறிஞ்சும் திறனில் மிகப் பெரும்பகுதி முதுகிலும் வயிற்றோரத்திலும் ஓடும் நீச்சல் தசைகளிலிருந்து வருகிறது. நாம் துண்டு போட்டுக் குழம்பு வைக்கும் அதே சதை! நீந்த உதவும் உடம்பு முழுவதும் அந்தக் கணத்தில் வாயைத் திறப்பதற்காக இழுக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து மீன்துண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான்.

ஆனால் இந்த உறிஞ்சலுக்கு எட்டும் தூரம் மிகக் குறைவு. வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தள்ளிப்போனாலே நீரின் வேகம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். அதனால் மீன் இரையை ஒட்டி வரவேண்டும். வந்துவிட்டால் எடையற்ற பொருள் நீர் போகும் போக்கிலேயே உள்ளே போகும். இறகு ஈயின் பலம் இதுதான். கரண்டி போல வளைந்த இரும்புப் பொய் இரை பின்தங்கும் இடத்தில் இறகு நீரோடு நீராகப் போகும். அதே காரணத்தால் பிடிக்காவிட்டால் மீன் அதே வேகத்தில் துப்பியும் விடும். நூல் தொய்வில்லாமல் இருக்கவேண்டும் என்று மகனுக்குச் சொல்லுங்கள்.

ஆழமும் கோடையில் வற்றாத நீரும் இருந்தால் என் தேர்வு கொடுவாதான். வெந்நாட்டு மீன், 30 டிகிரி அதற்குச் சுகம். ஆணாகப் பிறந்து சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். முட்டையிட உப்புநீர் வேண்டும் என்பதால் உங்கள் குட்டையில் பெருகாது. விட்ட எண்ணிக்கைதான் கணக்கு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் இதைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்ய வைத்தபிறகு குஞ்சு கிடைக்கிறது. நன்னீருக்குப் படிப்படியாகப் பழக்கிய குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்கவேண்டும். தன் நீளத்தில் பாதி இருக்கும் தம்பியையும் கொடுவா விழுங்கிவிடும். அரை ஏக்கருக்கு நூறுக்குள் போதும். ஒரு கிலோ கொடுவா வளர 4 முதல் 8 கிலோ மீன் இரையாக வேண்டும். கால்வாய்த் தண்ணீரோடு வந்து குட்டையை நிறைக்கும் ஜிலேபி மீன் இங்கே உதவிக்கு வருகிறது. அதன் குஞ்சுகளைக் கொடுவா தின்றால் இரண்டுக்கும் கணக்கு சரி.

ஆழம் குறைந்து, ஓரத்தில் அல்லியும் கோரையும் மண்டிய குட்டையென்றால் விரால். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க ஓர் அறை வைத்திருக்கிறது. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்காவிட்டால் மூச்சடைத்துச் செத்துவிடும். விடியுமுன் குட்டையில் ஆக்சிஜன் வற்றி மற்ற மீன்கள் வாயைப் பிளக்கும்போது விராலுக்குக் கவலையில்லை. கோடையில் சேற்றுக்குள் கிடக்கும், ஈரத்தரையில் ஊர்ந்தும் போகும். வறண்ட குளத்தில் முதல் மழைக்குப் பிறகு விரால் தென்பட்டால் வானத்திலிருந்து விழுந்தது என்று இன்னும் சொல்கிறார்கள். விழவில்லை, அங்கேயே காத்திருந்தது. உண்மை அந்தக் கதையைவிடப் பெரிய அதிசயம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். செம்மஞ்சள் குஞ்சுக்கூட்டத்தோடு தாய்தந்தை திரியும்போது மட்டும் தூண்டில் போடவேண்டாம். அப்போது அவை ஈயின் மேல் பாய்வது பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. பெற்றோரைத் தூக்கிவிட்டால் குஞ்சு மிஞ்சாது.

1957-இல் மீன் ஆய்வாளர் ஹீராலால் சௌதுரி ஒடிசாவில் ஊசிமருந்து போட்டு ரோகு போன்ற கெண்டைகளை முட்டையிட வைத்தார். அதன்பின் அந்த இனங்களுக்கு அரசு பணம் கொட்டியது, இன்று குஞ்சு மலிவு. விராலுக்கும் நம் ஆற்றுக் கெண்டைகளுக்கும் அதில் ஒரு பங்காவது ஒதுக்கவேண்டும். சந்தையில் விராலுக்கு இருக்கும் விலைக்கும் அதன் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் கவனத்துக்கும் பொருத்தமே இல்லை.

சாதாக்கெண்டை வேண்டாம், மண்ணைக் கிளறிக் கலக்கிவிடும், கலங்கலில் வேட்டை மீனுக்கு ஈ தெரியாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி நாட்டில் தடைசெய்யப்பட்டது, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மலையாற்றிலிருந்து மீன் பிடித்துவந்து விடுவதும் கூடாது; மேலே இருப்பது புலிகள் காப்பகம்.

பணகுடி, வள்ளியூர்க் காற்றாலைகளைச் சுழற்றும் ஆனி, ஆடிக் காற்று உங்கள் குட்டைக்கும் வரும். நீரைக் கலக்கி ஆக்சிஜன் சேர்க்கும், ஆனால் எதிர்க்காற்றில் ஈயை வீச முடியாது. அந்த மாதங்களில் மேற்குக் கரையில் நின்று காற்றோடு வீசட்டும்.

ஐப்பசிக்கு முன், குட்டை நிறைந்தால் நீர் வழியும் மறுகாலுக்குக் கம்பிவலை போடுங்கள். கொடுவா தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் கழிமுகத்துக்கு அந்நியமில்லை. ஆனால் அங்கே போய்ச்சேருமுன் வழியிலுள்ள குளங்களில் இருக்கும் சிறு மீன்களைத் தின்று தீர்த்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி ஒரு மழை வந்தால் சருகு வலையை அடைக்கும், நீர் கரைமேல் ஏறும். மழை பிடித்த நாட்களில் காலையும் மாலையும் ஒருவர் போய்ச் சருகை வாரிவிட வேண்டும்.